கதவைச் சாத்திக்கொண்டு போவது யார்

நிசாந்தினி ரீச்சருக்கு அந்த நாடகத்தின் முடிவென்றால் உயிர். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ எழுதப்பட்டது. புருசனுக்காகவே வாழ்ந்து அலுத்துப்போன ஒருத்தி, கடைசிக் காட்சியில் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். அந்தச் சத்தத்தில் அன்றைக்கு ஊர் உலகமே அதிர்ந்துபோனது என்றார் ரீச்சர். உயர்தர நாடக வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒன்றும் அதிரவில்லை.

"இதை எங்கட முல்லைத்தீவுக்குக் கொண்டுவாங்கோ. உடுப்பு, சாப்பாடு, கதை எல்லாம் எங்கடையாய் இருக்கோணும். அந்தப் பொம்பிளை என்ன செய்யிறா எண்டதை வடிவாய்ப் பாருங்கோ," என்றார்.

வகுப்பில் இருந்த ஸுல்பா பார்த்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

"ரீச்சர், அவா ஏன் போகோணும்?"

"அதுதானே விடுதலை, பிள்ளை."

"என்ட உம்மா அடிக்கடி போறவா. ஒருத்தரும் அதிரேல்ல."

வகுப்பு சிரித்தது. ஸுல்பா சிரிக்கவில்லை. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அவளுடைய வாப்பா மீராசாகிபு கெட்ட மனிதர் இல்லை. சந்தியில் சாமான் கடை வைத்திருக்கிறார், ஐந்து வேளையும் தொழுகிறார், பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை. வாய்தான். சோற்றுக்கு வைத்த ஆணத்தில் உப்புக் கூடினாலும் சரி, கடையில் யாரோடும் முட்டுப்பட்டாலும் சரி, உம்மாவைப் பார்த்து ஒரே சொல்தான் வரும்: "வெளிக்கிடு வீட்டை விட்டு." உம்மா நாச்சியாவும் மறுபேச்சில்லாமல் கதவடிக் கொளுவியில் தொங்கும் துணிப்பையை எடுத்துக்கொண்டு, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பெரியும்மா வீட்டுக்குப் போய்விடுவா. இரண்டொரு நாள் கழித்து வாப்பா பேக்கரியில் வாங்கின பாணோடு அந்த வீட்டுப் படலை வாசலில் போய் நிற்பார். "கோபம் போயிட்டுதோ?" என்று கேட்பார். கோபப்பட்டவர் அவர், ஆனால் கேள்வி அவரிடமிருந்துதான் வரும். உம்மா பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவா. இந்தக் கூத்து எத்தனை வருசமாக நடக்கிறதென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடு உம்மாவுடையது. போர்க்காலத்தில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் கலியாணம் நடந்தபோது, காடு மூடிக் கிடந்த முல்லைத்தீவுக் காணியை உம்மாவின் தாய் சீதனமாக எழுதிக் கொடுத்தா. மாப்பிள்ளை அந்தக் காணியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஒரு சூட்கேசோடு வந்தவர். ஊர் திரும்பியபின் வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்ததும் அந்தக் காணிக்குத்தான். சீதனம் என்றால் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார். ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். ஆனாலும் துணிப்பையோடு போவது எப்போதும் பெண்தான். இதில் ஏதோ பிழை இருக்கிறதென்று அதுவரை ஒருவருக்கும் படவில்லை.

உம்மா போனால் குசினியும் சமையலும் ஸுல்பாவின் தலையில். போன தவணைப் பரீட்சையில் இரண்டு பாடம் அப்படித்தான் போனது. உயர்தரப் பரீட்சைக்கு இனி அதிக காலமில்லை. பரீட்சை நடக்கும் கிழமைகளில் உம்மா ஒருமுறை போனாலும் கம்பஸுக்குப் போய்ப் படிக்கும் தன் கனவு அடுப்புக்குள்தான் என்று அவளுக்குத் தெரியும். 

"எங்கட நாடகத்தில அவா போகமாட்டா," என்றாள். "வீடு அவாட. அவர்தான் போவார்."

"கதவுச் சத்தம்?" ரீச்சரின் முகம் வாடிவிட்டது.

"அதை அவர் சாத்தட்டும், ரீச்சர்."

பொடியனும் பெட்டையும் புருசன் பெண்சாதியாக மேடையில் நிற்பதை ஊர் பொறுக்காது. ஆகவே வகுப்புத் தோழி றுக்ஷானா மனைவி, ஸுல்பா புருசன். சாரம் கட்டி, மைப்பென்சிலால் மீசை வைத்தாள். வசனம் எழுத அவளுக்குக் கொஞ்சமும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிவிட்டாள். பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றாருக்கு முன்னால் மேடைக்கு ஏறும் வரைக்கும், வாப்பா பெற்றார் சங்கத்தில் இருப்பவர், முன்வரிசையில்தான் இருப்பார் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. திரை விலகியதும்தான் உறைத்தது. 

ஆணத்தில் உப்புக் கூடிய இடத்தில் மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் மீராசாகிபுதான். பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டிச் சிரித்தார். ஸுல்பா துணிப்பையைக் காட்டி "வெளிக்கிடு வீட்டை விட்டு" என்றபோதும் சிரித்தார். அடுத்த காட்சியில் பாணோடு போய் நின்று "கோபம் போயிட்டுதோ?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சிரிப்பு நின்றது. மற்றவர்களுடைய சிரிப்பு நிற்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் திரும்பி நாச்சியாவைப் பார்த்தார்கள்.

முடிவில் மேடைப் புருசன் மறுபடியும் அதே சொல்லைச் சொல்ல, றுக்ஷானா கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள். "நான் ஏன் போக? இது என்ட உம்மா எனக்குத் தந்த வீடு." புருசன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கதவு என்று பலகை ஒன்றை அடித்தார்கள். சத்தம் போதவில்லை. ஆனாலும் ரீச்சர் கை தட்டினார்.

வீட்டுக்கு வரும்போது வாப்பா நாலடி முன்னால் நடந்தார். உள்ளே வந்ததும் வெடித்தார்.

"தாயும் மகளும் சேந்து ஊருக்கு முன்னால என்ட மானத்தை வாங்கிட்டீங்க. வெளிக்கிடு. வெளிக்கிடு வீட்டை விட்டு."

உம்மாவின் கை பழக்கத்தில் துணிப்பைக்குப் போனது.  எல்லாம் வீண், நாளைக்கும் அடுப்படிதான் என்று ஸுல்பா நினைத்தாள். உம்மா பையைக் கொளுவியிலிருந்து எடுத்தா. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தா. திரும்ப அதே கொளுவியில் மாட்டினா.

"பிள்ளைக்குச் சோதினை வருது," என்றா. "எனக்கு இப்ப போக ஏலாது."

 இவ்வளவு காலத்தில் மீராசாகிபுக்கு இதற்கு அடுத்த வசனம் ஒன்று தேவைப்பட்டதே இல்லை.  செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

விடிந்து, ஸுல்பா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தாள். வாப்பா படியில் நின்றார். கடையில் சாக்குமேல் படுத்த முகம், கசங்கிய சேர்ட், கையில் பாண். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அந்த நாடகம்," என்றார், அவளைப் பார்க்காமல். "அந்த மனுசன் பிறகு வீட்டுக்கு வாறானோ?"

"அதை நாங்க எழுதேல்ல, வாப்பா. உம்மாட்டக் கேளுங்கோ."

குசினியில் உம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தா. ஆற்றி முடிக்கும் வரைக்கும் திரும்பவில்லை. பிறகு கோப்பையோடு வாசலுக்கு வந்து, அவரை மேலும் கீழும் பார்த்தா.

"கோபம் போயிட்டுதோ?" என்று கேட்டா.