யாரும் பார்க்காத புதன்கிழமைத் தொடர்

கமலாக்ஷி மாமி காலையிலேயே சந்து முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். "நோட்டும் கையுமா ஒருத்தன் மட்டாஞ்சேரியைச் சுத்தறான். டிவி பார்ப்பேளான்னு கேட்டா, இல்லேன்னு பறஞ்சுடுங்கோ. லைசென்ஸ்காரனாக்கும்."

டிவி வைத்துக்கொள்ள லைசென்ஸே இனி வேண்டாம் என்று சர்க்கார் எடுத்துவிட்டதாகப் பேப்பரில் வந்திருந்தது. பேப்பரில் வந்தால் ஆயிற்றா?

சந்திலேயே டிவி மாமி வீட்டில்தான். புதன்கிழமை சாயங்காலம் இருபது பேர் வந்து உட்காருவார்கள். திருவனந்தபுரத்தில் எடுக்கும் தொடரில் மாமியின் மகள் ஸ்வர்ணலதா நர்ஸ் வேஷம் கட்டினாள். புருஷன் விட்டுப் போனவளுக்கு அந்த வேஷம்தான் சோறு போட்டது.

உச்சிவேளையில் அந்த ஆள் வாசலில் நின்றான். நல்லசிவமாம், மெட்ராஸ் விளம்பரக் கம்பெனியாம்.

"டிவி இருக்கா மாமி?"

"இல்லை."

"அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கறது?"

"தையல் மிஷின்."

"தையல் மிஷினுக்கு ஓட்டு மேல ஏரியல் எதுக்கு?"

"காக்கா உட்கார."

அவன் சிரித்துவிட்டான். "சரி, பாக்கறதில்லைன்னே எழுதிக்கறேன். தெருவே அப்படித்தான் சொல்லுது. தொடருக்குப் பணம் போடறது சோப்புக் கம்பெனி. ஓணம் வரைக்கும் எதைப் போட்டாலும் சோப்பு விக்கும். அப்புறம் அடுத்த பதிமூணு வாரத்துக்குக் கம்பெனி பணம் போடணும்னா, பாக்கறவங்க கணக்கு வேணும். புதன்கிழமைத் தொடருக்கு இங்க ஒரு ஆள் கூட இல்ல. அதைத் தூக்கிட்டு சினிமாப் பாட்டுதான்."

மாமி குறுக்கே வந்து நின்றாள். "நில்லுங்கோ! அது டிவிதான். புதன்கிழமை இருபது பேர் பார்க்கறோம்."

அவன் நோட்டை மூடினான். இப்போது சந்தேகம் அவன் முகத்துக்கு மாறியிருந்தது. "தொடர் பேரைச் சொன்னதும் டிவி வந்துடுச்சே? உங்காளு யாராச்சும் அதுல நடிக்கறாங்களா?"

மாமி அவன் கையைப் பிடிக்காத குறையாக அடுத்த வீட்டுக்கு இழுத்துப் போனாள். மிளகுக் கிடங்கில் புடைக்கப் போகும் மூக்கம்மாளின் வீடு அது.

"மூக்கம்மா, புதன்கிழமை எங்காத்திலே என்ன பார்ப்பே? இவர்கிட்டே சொல்லு."

மூக்கம்மாள் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். அவனைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மாமியின் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டவள்போலத் தலையாட்டினாள்.

"மாமியை மிரட்டிக் கூட்டியாந்தீகளா ஐயா? எத்தனை தரம் கேட்டாலும் இதான். டிவின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.