இரண்டு ஆணிகளுக்கு நடுவே

பத்து மணி ரொட்டிக்காகப் பள்ளத்திலிருந்து ஏணியில் ஏறி வந்தபோதுதான் விரிசலைப் பார்த்தேன். தலைமுடி அளவுதான் இருந்தது. எங்கள் அகழாய்வில் எலும்புகளைத் துலக்கும் இவோனா மண்டியிட்டிருந்த கல்லறைக்குப் பின்னால் ஆரம்பித்து, நான் அளந்து தாளில் வரைந்துகொண்டிருந்த மண்சுவருக்கு இணையாக, ஆறேழு அடி தூரம் ஓடி மறைந்தது. வெயிலில் மண் காய்ந்தால் விரிசல் விடுவது சகஜம். ஆனால் காய்ந்த விரிசல் கிளை கிளையாகப் பிரியும். இது பிரியவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியிலிருந்து இரண்டு ஆணிகளை எடுத்து, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குத்தி வைத்தேன். நடுவில் எண்பது மில்லிமீட்டர். விரிசல் அகன்றால் இது கூடும். பிறகு என் ரொட்டியைப் பிரித்தேன். பன்றிக்கொழுப்பு தடவி வெங்காயம் அரிந்து வைத்த ரொட்டி. எங்களோடு மண் வெட்டும் லுபோர் பக்கத்தில் உட்கார்ந்து அதில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

அன்று வியாழன். சனிக்கிழமை காலை புறவழிச் சாலைக்காரர்களின் இயந்திரங்கள் வந்துவிடும். அதற்குப் பிறகு இந்த வயலில் தோண்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஏழாயிரம் வருடங்களுக்கு முன் யாரோ இங்கே பயிர் வைத்திருந்தவர்கள் பெரிய வட்டமாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். நான்கு மீட்டர் ஆழம், அடியில் ஒரு ஆள் மட்டுமே நிற்கக்கூடிய அளவு குறுகல். ஏன் வெட்டினார்கள் என்று எவருக்கும் தெரியாது. வட்டத்துக்குள் நுழைய விட்டிருந்த வாசல் ஓரத்தில், கைகளை முகத்துக்கு முன்னால் மடக்கி, கால்களைக் குறுக்கி, ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண். பள்ளம் வெட்டுவதற்கு முன்பே அவளைப் புதைத்தார்களா, பள்ளம் தூர்ந்த பிறகா? அதைச் சொல்லக்கூடியது ஒரே ஒரு மண்சுவர். பள்ளத்தைக் குறுக்கே அறுத்து நாங்கள் செங்குத்தாக நிறுத்தியிருந்த சுவர். அதன் மேல்மூலையில் கல்லறையின் விளிம்பும் பள்ளத்தின் விளிம்பும் தொட்டுக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருடங்களாகச் சுவர்களை வரைகிறேன். இப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் படிபடியாக வெட்ட வேண்டும், அல்லது பலகை கொடுத்து முட்டு வைக்க வேண்டும் என்பது விதி. படி வெட்டினால் சுவர் கெட்டுவிடும். பலகை வைத்தால் வரைய முடியாது. விதியை நாங்கள் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். செக் நாட்டின் தெற்கு மொராவியாவில் பிறந்தவனுக்கு இந்த மஞ்சள் மண் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எங்கள் திராட்சை மது நிலவறைகள் எல்லாம் இதே மண்ணில் குடைந்தவை. லுபோருடைய நிலவறை மலைக்குள் பன்னிரண்டு மீட்டர் போகிறது, ஒரு செங்கல் கிடையாது, அவன் கொள்ளுத்தாத்தா காலத்து மண்வெட்டித் தடம் இன்னும் சுவரில் இருக்கிறது. நகரத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி போன வாரம் சுவரைப் பார்த்து முகம் சுளித்தபோது, லுபோர் அவரைத் தன் நிலவறைக்குக் கூட்டிப்போய் மூன்று கோப்பை ஊற்றிக் கொடுத்து அனுப்பினான். அவர் எதுவும் எழுதவில்லை.

ஆனால் நிலவறைச் சுவருக்கு யாரும் தண்ணீர் அடிப்பதில்லை. நான் அடித்தேன். ஜூலை வெயிலில் சுவர் வெளுத்துவிடும், நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஈரப்படுத்தினால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். எல்லோரும் செய்வதுதான், கொஞ்சமாக. நான் வீட்டிலிருந்து திராட்சைக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானைக் கொண்டுவந்திருந்தேன். பன்னிரண்டு லிட்டர். காலையில் இரண்டு தடவை நிரப்பி அடித்தேன், மதியம் ஒரு தடவை. நான்கு நாட்கள். அந்த மேல்மூலையில், கல்லறையா பள்ளமா எது முந்தியது என்று சொல்லக்கூடிய ஒரு மெல்லிய கறுப்புக் கோடு வந்து வந்து மறைந்தது. அது நிற்க வேண்டும் என்று அடித்தேன்.

பதினொரு மணிக்கு எண்பத்தொன்று. அளவுகோலைச் சாய்த்துப் பிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை நம்பவும் செய்தேன். பழக்கம் காரணமாக, வரைபடத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். 10.10 – 80. 11.00 – 81. பிறகு கீழே இறங்கினேன்.

கீழே இருந்தபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. விழுந்தால் என் மேல்தானே விழும். அதனால் நான் சொல்லாமலிருப்பது ஏமாற்று ஆகாது. இப்படி ஒரு கணக்கை மனது எவ்வளவு சுத்தமாகப் போட்டுக் கொடுக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். மேலே இவோனா அதே மண்ணின் மேல் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய தூரிகைச் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கில் அவளை நான் சேர்க்கவே இல்லை.

பன்னிரண்டரைக்கு எண்பத்திரண்டு. அடிப்பகுதியில் ஒரு மீட்டர் மட்டும் வரைய வேண்டியிருந்தது. இரண்டு மணி நேர வேலை. டாக்டர் ஹான்ஸ்லோவாவிடம் சொன்னால் உடனே நிறுத்திவிடுவார். எங்கள் அகழாய்வின் தலைவி அவர், அதில் தயங்க மாட்டார். நாளை முட்டுக் கொடுப்போம், சனிக்கிழமை இயந்திரம் வரும், எல்லாம் முடிந்தது. அவர் கொட்டகையில் தொலைபேசியில் சாலைக்காரர்களோடு இன்னும் ஒரே ஒரு நாளுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். இருபது அடிதான் தூரம். நான் நடக்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு என் கழுத்தில் மண் துகள் விழுந்தது. கொஞ்சம்தான். உப்பைத் தூவினாற்போல. நிமிர்ந்து பார்க்காமல் பலகையையும் தாளையும் அங்கேயே ஒரு கல்லின் மேல் சாய்த்துவிட்டு ஏணியில் ஏறினேன். ஆணிகளுக்கு நடுவே எண்பத்தாறு. விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நகம் போனது.

"இவோனா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வா."

"பத்து நிமிஷம் குடுங்க, ஸ்பின்யெக். தாடை எலும்பு இப்பத்தான் மண்ண விட்டு வருது."

"அத விடு. நீ இருக்கிற மண்ணு நகருது."

அவள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி விரிசலைப் பார்த்தாள். பிறகு ஆணிகளைப் பார்த்தாள். பிறகு என்னை. கைகளை ஊன்றி, மெதுவாக, ஒரு மிருகத்தின் முதுகிலிருந்து இறங்குவதுபோல நான்கு காலில் தவழ்ந்து என் பக்கம் வந்தாள். அவள் முழங்கால் விரிசலைத் தாண்டியதும் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே இருமல் கேட்டது.

லுபோர். எதிர்ப்பக்க ஏணியில் இறங்கியிருந்தான். வரைபடத்தைப் பள்ளத்தில் விட்டுவிட்டு யாரும் மேலே வரக்கூடாது என்பது நானே எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் புளித்த விஷயம். காற்று அடிக்கும், மழை வரும், தாள் போய்விடும். அவன் அதை எடுத்துக்கொண்டு வரத்தான் போயிருக்கிறான்.

"லுபோர், மேல ஏறு."

"என்ன ஓவியரே, படத்த அநாதையா விட்டுட்டு எங்க போன? இதே நான் விட்டிருந்தா ஊரக் கூட்டித் திட்டுவ."

"பலகையப் போடு. ஏறு. செவுரு சரியுது."

"இந்த மண்ணா? எங்க பாட்டன் காலத்துலேருந்து…"

சத்தம் பெரிதாக இல்லை. மாவு மூட்டையை இறக்கிவைத்தாற்போல ஒரு சத்தம். சுவர் உடையவில்லை, நின்றவாறே கீழே வழுக்கியது, பிறகுதான் மடிந்தது. மஞ்சள் தூசி எங்கள் மார்பு வரை எழுந்தது. கல்லறை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்தப் பெண், அவள் மடக்கிய கைகள், அந்தக் கறுப்புக் கோடு, எல்லாம் கீழே.

தூசிக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது என் பலகை. லுபோர் அதைத் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தான். இடுப்பு வரை மண்ணுக்குள். ஏணிக்கு அருகில் வந்துவிட்டிருந்ததால் இடுப்போடு நின்றது.

கைகளால் தோண்டினோம். மண்வெட்டியை வைத்தால் அவன் கால் போய்விடும். டாக்டர் ஹான்ஸ்லோவா கொட்டகையிலிருந்து ஓடிவந்து, செருப்பு கழன்றது தெரியாமல், எங்களோடு மண்டியிட்டார். அவன் ஒருமுறைதான் பேசினான், பலகையை என்னிடம் நீட்டியபோது. "கசங்கல," என்றான். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான். இருபத்தைந்து நிமிடங்களில் வெளியே எடுத்தோம். வலது தொடையில் முறிவு. ஆம்புலன்ஸ்காரர்கள் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தூக்கிப்போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிழ்த்து வைத்த தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்தேன். தாளில் மண் படிந்திருந்தது, கோடுகள் எல்லாம் இருந்தன. என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த படம். அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. ஓரத்தில் என் சின்ன எழுத்துகள். 10.10 – 80. 11.00 – 81. 12.30 – 82.

டாக்டர் ஹான்ஸ்லோவா சற்றுத் தள்ளி இவோனாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று விரிசல் விட்டது, ஸ்பின்யெக் பார்த்துக் கூப்பிட்டார், அவர் கூப்பிட்டிருக்காவிட்டால் நான் இல்லை, என்று இவோனா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆணிகளை நான் அப்போதுதான் குத்தியதாக அவள் நினைத்திருந்தாள்; நம்பியதைத்தான் சொன்னாள்.

ஆணிகள் மண்ணுக்குள் போய்விட்டன. ரப்பர் என் சட்டைப் பையில் இருந்தது. மூன்று வரி. மிருதுவான பென்சில், நல்ல தாள், தடம்கூட இருக்காது. நான் ரப்பரை எடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். அதன் ஓரம் மழுங்கியிருந்தது, அன்று காலையில்தான் அந்தக் கறுப்புக் கோட்டை இரண்டு முறை அழித்து வரைந்திருந்தேன்.

டாக்டர் என் முன்னால் வந்து நின்றார். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"படம் தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

ரப்பரைக் கீழே வைத்தேன். பென்சிலை எடுத்து, ஓரத்தில் நான்காவது வரியை எழுதினேன். 1.50 – 86. வரிகளுக்கு மேலே 'விரிசல்' என்று எழுதினேன். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முதலில் படத்தைப் பார்த்தார். அழகாக வந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. பிறகு கண் ஓரத்துக்குப் போனது. நான்கு வரிகள்தான். அவற்றைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் அவர் தலை நிமிரவில்லை.