சத்தம் போடாத கீபோர்டு

மாமாவின் கடைக்குள் படபடா நுழைந்தபோது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைத்தான் பார்த்தார்.

"மறுபடியுமா? பூனை குட்டியத் தூக்கிட்டு எடம் மாத்துற மாதிரி இதத் தூக்கிட்டு அலையிறியே!"

"இதுலயும் சத்தம் வருதாம் மாமா."

"யாரு காதுக்கு?"

"கணக்கருக்கு. தகரக் கூரையில கல்லு மழை பெய்யிற மாதிரி இருக்குன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டாரு. நாளைக்குப் பெரிய கூட்டம், வெளியாளுங்க வர்றாங்க. மூச்சு விடுற சத்தம்கூட வரக்கூடாதாம்."

மாமா என்பவர் அவளுடைய அக்காவின் கணவர். கணினிக் கடை வைத்திருந்தாலும் கீபோர்டுகள் மேல்தான் அவருக்கு உயிர். சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். வருகிறவர்களின் கையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

படபடா என்பது அவளுடைய அம்மா வைத்த பட்டப்பெயர். பிறந்ததிலிருந்தே ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாதவள். கை ஓய்ந்தால் கால் ஆடும், கால் ஓய்ந்தால் விரல் தாளம் போடும். நூலகத்தில் வேலைக்குப் போனாள். மேசை ஆடுகிறது என்று படிக்க வந்தவர்கள் புகார் சொன்னார்கள். தொலைபேசியில் பதில் சொல்லும் வேலைக்குப் போனாள். பேனாவைத் தட்டும் சத்தம் எதிர்முனைக்குக் கேட்கிறது என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இது.

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம் அது. அங்கே தலைமைப் பொறியாளராக இருக்கும் பெண்மணிக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். கூட்டங்களில் யார் எதைப் பேசினாலும் அதை அப்படியே அந்த நொடியில் தட்டச்சு செய்து, அந்த அம்மாவின் முன்னால் இருக்கும் திரையில் ஓடவிட வேண்டும். அதுதான் படபடாவின் வேலை. அவளுடைய விரல்கள் பேசுகிறவர்களின் நாக்கைத் துரத்திக்கொண்டு ஓடின. அவளுடைய துடிப்பு பிறருக்குத் தொல்லையாக இல்லாமல் உதவியாக இருந்தது இதுவே முதல் தடவை. நாளைய கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"கீபோர்டுங்கிறது செருப்பு மாதிரி," என்றார் மாமா, ஏணியில் ஏறியபடியே. "அடுத்தவன் அளவுக்கு வாங்கினா கடிக்கத்தான் செய்யும். கணக்கு எழுதுறவனுக்கு வலது பக்கம் நம்பர் இருந்தே ஆகணும், இல்லேன்னா ஒரு கை இல்லாத மாதிரித் தவிப்பான். பக்கம் பக்கமா எழுதுறவங்களுக்கு ஆழமா அமுங்குற பட்டன் வேணும். வெளயாடுற பசங்களுக்கு எதைக் குடுத்தாலும் ஒடைச்சிருவாங்க, அதனால கெட்டியாக் குடுப்பேன். இவங்களுக்கெல்லாம் கண்ண மூடிட்டுக் குடுப்பேன். நீதான் என் தலைவலி."

"ஏன் மாமா?"

"நீ காதுல வாங்கி விரல்ல விடுறவ. உனக்குச் சத்தம் இருந்தாத்தான் கை ஓடும். ஆனா பக்கத்துல இருக்கிறவனுக்குச் சத்தம் ஆகாது. நான் யாரப் பாக்குறது?"

கடைசியில் ஒல்லியான கறுப்புக் கீபோர்டு ஒன்றை இறக்கினார். பட்டனை அமுக்கினால் பஞ்சில் விரலைப் புதைப்பதுபோல இருந்தது. அது போதாதென்று, அடியில் விரிக்கத் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றையும் கொடுத்தார்.

"இதுக்கு மேல சத்தம் கேட்டுச்சுன்னா, அந்தக் கணக்கரு காதத்தான் ரிப்பேருக்குக் கொண்டு வரணும்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் அதை வைத்துப் பழகினாள். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே அடித்தாள். மணலில் நடப்பதுபோல இருந்தது. அமுங்கியதா இல்லையா என்பதே தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொரு சொல்லையும் திரும்பப் பார்த்தாள். பார்ப்பதற்குள் செய்தி எங்கேயோ போய்விட்டது.

எதிரில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய் படபடா! கால நிறுத்துடி. டீ தளும்புது பாரு."

"நான் ஆட்டலையே."

"அப்ப பூகம்பமா?"

படபடா குனிந்து பார்த்தாள். வலது முழங்கால் தையல் மிஷின் ஓட்டுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். இரண்டு வரி போனதும் அதுவாகவே மறுபடி ஆரம்பித்தது.

காலைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை. கவலை அந்த அம்மாவைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகத்தில் இருந்த பழைய கீபோர்டு, ஓட்டை வண்டி மாதிரித் தடதடவென்று கத்தும். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசினார். படபடா தட்ட ஆரம்பித்த அந்த நொடியே திரையைப் பார்த்து, படித்து, தலையை நிமிர்த்தி, சுடச்சுடப் பதில் சொன்னார். கணக்கரைக் கேலிகூடச் செய்தார். கீபோர்டை மாற்றத் தொடங்கியதிலிருந்து எல்லாம் போயிற்று. அந்த அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. யாரும் பேசாதபோதும் திரையையே பார்க்கிறார். முகம் வாடிப்போகிறது. நம்முடைய எழுத்து புரியவில்லை, பிழை அதிகமாகிவிட்டது என்று படபடா நினைத்தாள். மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார். "மேடம் முன்ன மாதிரி இல்லையேம்மா, நீ ஒழுங்காத்தான் அடிக்கிறியா?" என்று கேட்டே விட்டார்.

மறுநாள் கூட்டத்துக்கு வந்தவர் ஒரு மருத்துவமனை கட்டப்போகிறவர். ஆள் வாட்டசாட்டம். அவரோடு இரண்டு பேர். இந்தப் பக்கம் மேனேஜர், கணக்கர், பொறியாளர் அம்மா, அவருக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போலப் படபடா. நீளமான மர மேசை.

கறுப்புக் கீபோர்டு எள்ளளவும் சத்தம் போடவில்லை. கணக்கர் அவளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிழையும் விழவில்லை. 

வந்தவர் தன் வரைபடத்தை விரித்தார். யாரும் பேசவில்லை. ஒரு மூலையில் விரலை வைத்து, பொறியாளர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், இது எப்படி என்று கேட்பதுபோல. அந்த அம்மா நிமிரவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் விரலை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு நம்ம வேலையில இஷ்டம் இல்ல போலிருக்கே," என்றார் மேனேஜரிடம், குரலைத் தாழ்த்தி.

எதைப் பேசினாலும் அடிக்க வேண்டும் என்பது விதி. படபடாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அடித்தாள். அந்த வரி திரையில் ஊர்ந்து வந்தது. அந்த அம்மா படித்தார். முகம் காது மடல்வரை சிவந்து போனது.

"இல்லைங்க, அப்படியெல்லாம் இல்ல," என்றார். சொல்லிவிட்டு அவசரமாக மறுபடி திரையைப் பார்த்தார், விட்டுப்போன சொல் ஏதாவது வந்துகொண்டிருக்கிறதா என்று தேடுவதுபோல.

அப்போதுதான் படபடா அந்தக் கையைப் பார்த்தாள்.

அந்த அம்மாவின் இடது உள்ளங்கை மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. சும்மா வைத்த கை அல்ல. நாடி பிடிக்கிறவர்களின் கைபோல மெல்ல அழுந்தி, நகர்ந்து, மறுபடி அழுந்தியது. முதல் நாளும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. பழைய கீபோர்டு தடதடத்தபோதெல்லாம் மேசை அதிர்ந்திருக்கும். அதிர்ந்தால் யாரோ பேசுகிறார்கள், திரையைப் பார்க்கலாம். ஓய்ந்தால் முகத்தைப் பார்க்கலாம். இப்போது விரல் தட்டுவது பஞ்சிலும் ரப்பரிலும் போய்விடுகிறது.

அப்படியானால் இந்த நேரத்தில், ஒருவரும் பேசாதபோது, எதை உணர்ந்து திரையைப் பார்க்கிறார்?

படபடா மெல்லக் குனிந்தாள். முழங்கால் மேசையின் காலோடு ஒட்டிக்கொண்டு, தையல் மிஷினாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய கீபோர்டில் துடிப்பெல்லாம் விரலோடு போய்விடும்; இப்போது அது காலில் இறங்கியிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பாதங்களையும் நாற்காலிக் கால்களில் பின்னிக்கொண்டாள், கயிறு இல்லாமல் கட்டிப்போட்டதுபோல. மேசை ஓய்ந்தது. ஓய்ந்த மறுகணமே அந்த அம்மாவின் தலை நிமிர்ந்தது. வந்தவரின் முகத்தைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார்.

"அந்த மூலைதானே? அங்க படிக்கட்டு வச்சா ஸ்ட்ரெச்சர் திரும்பாது," என்றார்.

"அதத்தாம்மா நானும் கேக்க வந்தேன்!" என்றார் வந்தவர்.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் படபடா கீபோர்டுக்கு அடியிலிருந்த ரப்பர் விரிப்பை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். கீபோர்டு மரத்தின்மேல் இறங்கியது. அவள் பலம் முழுவதையும் விரலுக்குக் கொண்டுவந்து குத்தினாள். பஞ்சு பட்டன்கள் டொக்கு டொக்கென்று அடி வாங்கின. கணக்கர் பல்லைக் கடித்தார். மேனேஜர் கண்ணை உருட்டினார். அந்த அம்மாவின் கண் மட்டும் திரைக்குப் போய், முகத்துக்கு வந்து, திரைக்குப் போய், நீரோட்டமாக ஓடியது. கூட்டம் முடிந்ததும் வந்தவர் எழுந்து அந்த அம்மாவின் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்.

கதவு மூடியதும் மேனேஜர் திரும்பினார்.

"சத்தம் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நடுவுல என்னம்மா ஆச்சு உனக்கு? உரல்ல இடிக்கிற மாதிரி!"

படபடா அதையும் அடித்தாள். வேறு வழியில்லை.

அந்த அம்மா படித்துவிட்டு, "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார்.

கணக்கரால்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த அம்மா படபடாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும். இந்த ஒரு வாரமா எல்லாரும் பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி இருந்துச்சு. பாத்தா திரையில ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். இன்னைக்குப் பாதியில சரியாயிடுச்சு. நீ என்ன பண்ணின?"

அவள் அடித்தாள்: "அது என் கால் மேடம். நான் சும்மா இருக்கும்போதெல்லாம் அது மேசைய ஆட்டும். உங்க கை அதப் பேச்சுன்னு நெனச்சிருக்கு."

அந்த அம்மா தன் கையை மேசையிலிருந்து எடுத்து, அதை அன்றுதான் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப... இந்தப் பொண்ணையே வச்சுக்கலாமா மேடம்?"

அதை அடிக்கும்போதுதான் படபடா அவசரப்பட்டாள். 'பொண்ணையே' என்பதில் ஓர் எழுத்து விழுந்துபோனது. திருத்தவில்லை.

அந்த அம்மா படித்தார். "நாளைக்கு அந்தப் பழைய கீபோர்டையே எடுத்து வை," என்றார் அவளிடம். "கணக்கருக்குக் காதுல வைக்கப் பஞ்சு நான் வாங்கித் தர்றேன். நீ மறக்காம கால மட்டும் வீட்டுல வச்சுட்டு வா."

படபடா எழப் பார்த்தாள். பின்னிய பாதங்கள் இன்னும் நாற்காலிக் கால்களிலேயே இருந்தன. இரண்டும் மரத்துப் போயிருந்தன. அவற்றை விடுவித்து எழுந்து, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, அவை உயிர் பெறும்வரை, வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றாள்.