மிராசு பெயரில் ஒரு புல்லட்

2004 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், சாமிதுரை மிராசு வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து அந்தப் புல்லட்டை நான் வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு டயரும் மக்கிப்போயிருந்தன. சீட்டுப் பஞ்சை எலி தின்றிருந்தது. டேங்கைத் துடைத்ததும் தூசிக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஏழு வயதில் நான் பார்த்த அதே பச்சை. குவைத்தில் பத்து வருடம் கிரேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது ஊருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், 'மிராசு வண்டியை யாருக்கும் விற்றுவிடவில்லையே?' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் மிராசுக்கு முழங்கால் வலி. காலையில் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுப்பது என் அப்பா சவரிமுத்துவின் வேலை. பக்குவம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஒருநாள் அவசரத்தில் அப்படி அடித்து அப்பாவின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து அதே காலால் மறுபடி உதைத்தார். ஒருநாளும் அந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை.

"இதுக்கு ஒரு மாட்டப் புடிச்சிட்டு வந்திருக்கலாம். பாலாவது கறக்கும்" என்றாள் என் மனைவி அருள்செல்வி.

அப்பா மட்டும், "இத ஏன்டா இங்க கொண்டாந்த?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விற்றவர் மிராசுவின் மகன் கோவிந்தராசு. தன் அப்பாவின் திவசத்துக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே, "சின்னய்யா, பேர் மாத்துறதுக்கு ஒரு கையெழுத்து..." என்று இழுத்தேன்.

"எதுக்கு ஜேசு? ஆர்.சி. புக்கு அப்பா பேர்லயே இருக்கட்டுமே. நான் என்ன திருப்பியா கேக்கப்போறேன்?"

தலையாட்டிவிட்டு வந்தேன். குவைத்தில் எந்தக் காகிதமானாலும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். அந்த வீட்டு வாசலில் மட்டும் வாய் வரவில்லை. அப்பாவும் இப்படித்தான். அவர்களுடைய மூன்று மா நிலத்தை இருபத்து மூன்று வருடம் குத்தகைக்கு உழுதார். ஒரு துண்டுச் சீட்டுக் கேட்டதில்லை. மனைக்கட்டாகப் போட அதை விற்றபோது அவரிடம் சொல்லக்கூட இல்லை. நாற்று விடப் போனவர் கல் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அருள்செல்வி விடவில்லை. "மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்கு என்ன கேடு?"

எட்டு மாதம் வேலை பார்த்தேன். வீட்டுப் பக்கவாட்டில் சிமெண்ட் தளம் போட்டு, ஒவ்வொரு உறுப்பையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் வரிசையாக வைத்து எண் எழுதினேன். திருச்சியில் பிஸ்டன் கிடைத்தது. டேங்கில் தங்கக் கோட்டை நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஏப்ரல் மாதம் முதல்முதலாக வண்டி உறுமியபோது, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரவில்லை.

அடுத்த ஆகஸ்டில் கோவிந்தராசு மறுபடி வந்தார்.

"அடடா, அப்பா வண்டிய அப்படியே கொண்டாந்துட்டியே! சாவியக் குடு, கடைத்தெரு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்."

இது என் வண்டி. மூன்று சொல்தான். பீரோவில் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தில் வேறு பெயர் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். அருள்செல்வி உள்ளே போய்விட்டாள்.

அவர் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை உதைத்தார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"எனக்கு இது வராதுப்பா. சவரி அடிச்சுக் குடுப்பானே, அந்த மாதிரி அடிச்சுக் குடு."

கட்டிலில் இருந்த அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்திரிக்கப் பார்த்தார்.

"நீங்க இருங்கப்பா" என்று நான் போனேன்.

கோவிந்தராசு இறங்கி நின்றார். ஒரே உதைதான். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, அவர் ஏறி உட்காரும்வரை நின்றேன். வண்டி வாய்க்கால் கரையோடு போய்த் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

சிமெண்ட் தளத்தில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தது. அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை. என் வலது முழங்காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.