உமிப் பலகை மேசை

என் சகலன் முஸ்தாக்கை எனக்குப் பிடிக்காது. மறைக்க என்ன இருக்கிறது? நான் அக்காவைக் கட்டினேன், அவன் தங்கையைக் கட்டினான். மாமி கொடுத்த ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. அங்கே யார் அவனைப் புகழ்ந்தாலும் என் காதில் விழும்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்முனையில் மரவேலை செய்கிறேன். அவன் நேற்று வந்தவன். இறக்காமத்து அரிசி மில்லில் சும்மா எரிக்கிற உமியை அள்ளி வந்து, பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கினான். தரையில் உட்கார்ந்து ஓதும் பிள்ளைகளின் முழங்கால் உயரத்தை அளந்து, கால் மடங்கும் குட்டி மேசை செய்தான். ஒரு கையால் தூக்கலாம், கறையானும் தொடாது. மாமி அதை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். நான் செய்துகொடுத்த தேக்கு அலுமாரியை ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

குர்ஆன் மத்ரஸாவுக்கு அறுபது மேசை செய்யும் வேலையும் அவனுக்கே போனது. எனக்கு வரவேண்டிய வேலை அது.

அந்த அறுபதில் முதல் மேசையை என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தான். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிட்டு, குறை இருந்தால் சொல்லச் சொன்னான். புரட்டிப் பார்த்தேன். மேற்பக்கம் மினுங்க வார்னிஷ் பூசியிருந்தான், அறுத்த விளிம்பைப் பூசாமல் அப்படியே விட்டிருந்தான். பிள்ளைகள் ஓதுமுன் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்துவிட்டு ஈர முழங்கையை அந்த விளிம்பில்தான் ஊன்றுவார்கள். பலகை தண்ணியைக் குடித்து ஊதிவிடும். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊதட்டும் என்று நினைத்தேன்.

ஊதியது. ஒன்றரை மாதத்தில் அறுபதும் ஓரம் பிளந்து உதிர்ந்தன. நிருவாகத்தார் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, மரத்தில் செய்து தரும்படி என்னிடம் வந்தார்கள். அன்று எனக்குச் சோறு ருசித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு முஸ்தாக் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று எழுந்து நின்றேன். அவன் கண் கலங்கியிருந்தது.

“ஒங்கட கண்ணுல பட்டிருந்தா செல்லியிருப்பீங்க காக்கா. ஒங்களுக்கே தெரியல்லெண்டா எனக்கெங்க தெரியப்போகுது? இனி எப்படிச் செய்யிற எண்டு செல்லித் தாங்க.”

விளிம்புக்கும் பூசு என்ற இரண்டு சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால் முன்பே தெரிந்திருந்தது வெளிப்பட்டுவிடும் என்று விழுங்கினேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி ஒருவனை நம்புகிற மனதையும் அல்லாஹ் அவனுக்குத்தானே கொடுத்திருக்கிறான் என்று, அதற்கும் எரிந்தேன்.