பத்தொன்பது நாள் லேட்

தையல் கடையில் காஜா எடுப்பவளுக்கு மூன்று கரு தங்கவில்லை. இது நாலாவது, பத்து வாரம். இன்று பத்து மணிக்கு ஸ்கேன். கிளம்பும் நேரத்தில் ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டியவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் எழுதியிருந்தார்: ‘ஹாபிச்சுவல்’. அதையடுத்து வாயில் நுழையாத இன்னொரு சொல். அதற்குக் கருச்சிதைவு என்று பொருள், அது அவளுக்கு எப்போதோ மனப்பாடம். முதல் சொல்லுக்கு மட்டும் அகராதியை எடுத்தாள். ‘பழக்கத்தில் ஊறிய.’ அகராதி எழுதிய புண்ணியவான் உதாரணம் வேறு கொடுத்திருந்தான்: குடிகாரன், பொய்யன், திருடன்.

“நான் வரலைங்க,” என்றாள். “மூணையும் தொலைச்சது என் பழக்கமாம். அதை அவங்க வாயால வேற கேக்கணுமா?”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் மாடிக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவன் வீட்டுக்கு மூன்று மாடியும் படிதான். ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது, வாயைத் திறந்தால் காரியம் கெடும். அதனால் தன் பையைத் துழாவி, ஒரு கசங்கிய காகிதத்தை அவள் மடியில் வைத்தான்.

ஆபீஸ் மெமோ. அதிலும் அதே சொல்: ‘ஹாபிச்சுவல் லேட்’. கீழே பத்தொன்பது தேதிகள்.

“எனக்கு முன்னாடியே கிளம்பிடுறீங்களே. அப்புறம் எப்படி லேட்டு?”

“கிளம்புவேன். கீழ சைக்கிள் ஸ்டாண்ட்ல நிப்பேன். நீ படியெல்லாம் இறங்கி, தெருமுனை திரும்புற வரைக்கும்.”

அவள் தேதிகளைப் பார்த்தாள். முதல் தேதி, இந்தக் கரு டெஸ்டில் தெரிந்த மறுநாள். நடுவில் இல்லாத தேதிகளில் அவள் கடைக்கு விடுமுறை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா, நான் நிக்கிறேனேன்னு வேகமா இறங்குவ.”

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கத் தோன்றவில்லை.

“எத்தனை தடவைன்னு எண்ணிப் பாத்து வைக்கிற பேரு அது,” என்றான். “ஏன்னு என்னையும் யாரும் கேக்கல, உன்னையும் கேக்கல.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெமோவையும் ஃபைலுக்குள் வைத்து எழுந்தாள். இன்று அவன் கீழே போய் ஒளிந்து நிற்கவில்லை. அவளுக்கு ஒரு படி முன்னால், அவளைப் பார்த்தபடியே பக்கவாட்டில் இறங்கினான்.

“சீக்கிரம் நடங்க, லேட்டாகுது,” என்றாள்.

“ஆகட்டும்,” என்றான். “நமக்குப் பழக்கம்தானே.”