பொன்னப்பனின் சகடம்

சுந்தரதாஸின் வாடகைக் காரில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னும். பாறசாலை சந்தையில் அதற்கு ஜோடி கிடையாது. ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பொன்னப்பனைத்தான் கூப்பிட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே மனிதருக்கு வயிறு எரிந்தது.

பொன்னப்பனின் வண்டிக்குக் கதவு நிற்பதே கயிற்றின் தயவில். சுந்தரதாஸ் அதற்கு வைக்காத பெயர் இல்லை. தகர டப்பா என்றார், காயலான் சரக்கு என்றார், மலையாளத்தில் திட்டத் தோன்றினால் அதே தகரத்தைப் பாட்ட என்றார். கடைசியில் நிலைத்தது, ஓட்டைக் கட்டைவண்டி என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன சகடம். ஊர் அதை எடுத்துக்கொண்டு செல்லப்பெயராக்கிவிட்டது.

கல்யாணத்துக்குச் சகடத்தையே கூப்பிட்டதற்குக் காரணம் வேதக்கோயில் மணி. கல்யாணப் பெண் வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் மணி அடிக்க வேண்டும், அதுதான் அந்தச் சபையின் வழக்கம். சகடம் ரெண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே மணியடிக்கிற ராபின்சனுக்குக் கேட்டுவிடும். சுந்தரதாஸின் கார் பூனை மாதிரி வந்து நின்றதில், பாவம், ஒரு பெண் மணியே இல்லாமல் இறங்கியிருக்கிறாள்.

தன் மகள் ஜெயபாயாவது தன் காரில் கம்பீரமாகப் போய் இறங்க வேண்டும், பொன்னப்பன் அதைப் பார்க்க வேண்டும். சுந்தரதாஸுக்கு வேறு ஆசையே இல்லை.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்துநாலு. கிடைத்த வண்டியையெல்லாம் போலீஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ஜெயபாயின் கல்யாணத்தன்று காலையில் சந்தை முக்கில் ஒரு ஏட்டு சுந்தரதாஸிடமே கேட்டார்.

"ஓடுற வண்டி யாருட்ட உண்டு?"

"பொன்னப்பன்ட்ட உண்டு சார். நல்ல வண்டியாக்கும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நல்ல வண்டி என்றார். ஏட்டு போய்ப் பார்த்தார். சந்தையே சிரித்தது. "சார், அது சகடமாக்கும்! சுந்தரதாஸ் அண்ணன்ட்ட கேட்டுப் பாருங்க, அவருதான் பேரு வச்சாரு." ஏட்டு திரும்பி வந்து சுந்தரதாஸின் காரை எடுத்துக்கொண்டு போனார்.

கூப்பிடாமலே பொன்னப்பன் வந்தான். "அண்ணே, பிள்ளைய ஏத்துங்க." ஏட்டிடம் யார் சொன்னது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. சுந்தரதாஸுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

ஜெயபாயும் பெண்களும் ஏறினார்கள். வண்டி அசையவில்லை. சுந்தரதாஸ் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்களோடு சேர்ந்து தள்ளினார். அந்த வண்டி ஓட வேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

இறக்கத்தில் அது உறுமிக் கிளம்பியது. "நிறுத்தினா பின்ன எடுக்காது அண்ணே! ஓடி வாங்க!" என்று பொன்னப்பன் கத்தியது சத்தத்தில் பாதிதான் கேட்டது.

சுந்தரதாஸ் ஓடினார். முதல் வளைவு தாண்டும் முன்பே கோயில் மணி அடித்தது. இத்தனை நீளமாக ராபின்சன் யாருக்கும் அடித்ததில்லை. மகளுக்கான மணி. கண் நிறைந்தது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு, ஓட்டத்துக்கு நடுவிலும், இது அந்தச் சகடத்துக்கு அடிக்கிற மணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.